இசைக்குழு நகைச்சுவைப் படங்களில் நகையும் பெருமிதமும்: கம்போங் ராஜாவிலிருந்து ஒரு பார்வை

முன்னுரை

கேமரன் மலையின் வடபகுதியில், உலு தெலோம் முக்கிமில், தேயிலைக்கும் காய்கறித் தோட்டங்களுக்கும் இடையே அமைந்த சிற்றூர் கம்போங் ராஜா. தாப்பாவிலிருந்து ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங் எனப் படிப்படியாக மேலேறி வரும் பழைய சாலையில் வருவோர்க்கு இவ்வூர் மலையின் கடைக்கோடி. சிம்பாங் பூலாய்ச் சாலை அமைந்தபின் ஈப்போவிலிருந்து வருவோர்க்கு இதுவே மலையின் தலைவாசல். ஊர் இருந்த இடத்திலேயே இருக்க, வழி மாறியதால் கடைசி முதலாயிற்று. அருகிலுள்ள புளூ வேலி தேயிலைத் தோட்டத்தை ஒட்டித் தமிழர் தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர்.

பள்ளி விடுமுறையொன்றில் இவ்வூரில் ஆசிரிய நண்பர் ஒருவர் இல்லத்தில் தங்க நேர்ந்தது. அவருடைய முன்னாள் மாணவர் சிலர் அங்கு வந்திருந்தனர். அவர்களுள் நால்வர் உறுமி மேளக் குழுவொன்றில் வாசிப்பவர்கள். பேச்சு திரைப்படத்தை நோக்கித் திரும்பி, இறுதியில் ஷங்கரின் 'பாய்ஸ்' (2003) படத்தை அனைவரும் சேர்ந்து பார்த்தோம். சில காட்சிகளை நண்பர் விரைவாக ஓட்டிவிட்டார். மற்றவற்றை இளைஞர்கள் மிகவும் இரசித்துச் சிரித்தனர். படம் முடிந்ததும் அவர்களுள் ஒருவர், அந்தப் பையன்கள் கடைசியில் தோற்றுப்போயிருந்தால் இதை யாராவது படமாக எடுத்திருப்பார்களா என்று கேட்டார். கேள்வி எளியது. எனினும் அதற்கு அவ்விடத்தில் எங்களால் விடை கூற இயலவில்லை.

அக்கேள்வியே இக்கட்டுரைக்கு வித்து. பொருந்தாதவர் என ஊராரால் ஒதுக்கப்பட்ட நண்பர்கள் சேர்ந்து இசைக்குழு அமைக்கும் கதையைத் தமிழ்த் திரைப்படம் எவ்வாறு நகைச்சுவையாக்குகிறது, அந்நகை எவ்விடத்தில் மதிப்பாக மாறுகிறது, அம்மாற்றத்திற்கு அது கேட்கும் விலை யாது ஆகிய மூன்றையும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. 'பாய்ஸ்' முதன்மைச் சான்றாகவும், 'நினைத்தாலே இனிக்கும்' (1979), 'கரகாட்டக்காரன்' (1989), 'மீசைய முறுக்கு' (2017) ஆகியவை துணைச் சான்றுகளாகவும் கொள்ளப்படுகின்றன.

ஆய்வுக்கான அளவுகோல்

இத்தகைய படங்களை அளக்கத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நல்லதோர் அளவுகோலைத் தருகின்றது. எண்வகை மெய்ப்பாடுகளுள் முதலாவது நகை. அது தோன்றும் நிலைக்களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கினைத் தொல்காப்பியர் சுட்டுகிறார். எள்ளலை உரையாசிரியர் பேராசிரியர் இரண்டாகப் பகுத்துக் காட்டுவார்: தான் பிறரை எள்ளி நகுதல் ஒன்று, பிறரால் எள்ளப்பட்டவிடத்துத் தான் நகுதல் மற்றொன்று. மடன் என்பதற்கு அவர் தரும் விளக்கமும் கூர்ந்து நோக்கத்தக்கது. பிறர் கற்பிக்கக் கொண்டதைப் பற்றிக்கொண்டு அதனை விடாதிருத்தலே மடன்.

எண்வகையுள் மற்றொன்று பெருமிதம். அதன் நிலைக்களன்கள் கல்வி, தறுகண், இசைமை, கொடை என்பன. இங்கே இசைமை என்பது புகழ். இசைக்குழுப் படங்களைப் பற்றிப் பேசுமிடத்து இச்சொல்லின் இருபொருள் நமக்கு ஓர் எச்சரிக்கையாகவே அமைகிறது. இசை என்பது ஒலியையும் குறிக்கும், புகழையும் குறிக்கும். ஒலியைப் பற்றித் தொடங்கும் படம் புகழைப் பற்றியதாக முடிந்துவிடும் வாய்ப்பு எப்போதும் உண்டு.

நண்பர்கள் இசைக்குழு அமைக்கும் நகைச்சுவைப் படம் ஒவ்வொன்றும் நகையில் தொடங்கிப் பெருமிதத்தில் முடிய விரும்புகிறது. நகையின் நான்கு களன்களுள் எதிலிருந்து புறப்படுகிறது, பெருமிதத்தின் நான்கு களன்களுள் எதனை அடைகிறது என்று பார்த்தால் அப்படத்தின் உள்ளப்போக்கு நமக்குப் புலனாகிவிடும்.

ஒரே எழுத்தாளர், இரண்டு குழுக்கள்

தமிழ்த் திரையில் மேனாட்டு முறை இசைக்குழுவை மையமாகக் கொண்ட படங்களைப் பேசும்போது எழுத்தாளர் சுஜாதாவை விலக்கிப் பேச இயலாது. கே. பாலசந்தர் இயக்கிய 'நினைத்தாலே இனிக்கும்' படத்தின் கதை அவருடையது. இருபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின் வந்த 'பாய்ஸ்' படத்தின் உரையாடலும் அவருடையதே. இவ்விரு படங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பின், அக்கால இடைவெளியில் தமிழ் இளைஞனைப் பற்றிய கற்பனை எவ்வாறு மாறியது என்பது விளங்கும்.

1979இல் வந்த படத்தில் கமல்ஹாசனும் இரஜினிகாந்தும் உறுப்பினராக உள்ள குழு, கதை தொடங்கும்போதே புகழ்பெற்ற குழுவாக இருக்கிறது. அது சிங்கப்பூருக்குக் கலைப்பயணம் வருகின்றது. எம்.எஸ். விசுவநாதனின் இசையும் சிங்கப்பூர்த் தெருக்களும் படத்தின் இரு கண்கள். நம் நாட்டுத் தமிழ்ப் பார்வையாளர்க்கு அது அண்டை வீட்டில் நடக்கும் கதை. நகைச்சுவையின் பெரும்பங்கு இரஜினிகாந்த் ஏற்ற தீபக் என்னும் பாத்திரத்தைச் சார்ந்தது. கண்ணிற் படும் பொருளைக் களவாடாமல் இருக்க இயலாத பழக்கம் அவனுக்கு உண்டு. குழுவில் ஒருவன் மட்டுமே பொருந்தாதவன். அவனும் செல்லப்பிள்ளையாகவே காட்டப்படுகிறான். பிழைப்பைப் பற்றிய கவலை அக்குழுவினர் எவரிடமும் இல்லை. இங்கு நகை இளமையிலிருந்து பிறக்கிறது. அதற்கு மாற்றாக நாயகியின் நோய் அழுகையைத் தருகிறது. இசைக்குழு என்பது இளமையின் அணிகலன். அது எவ்வாறு உருவாயிற்று என்ற வினாவுக்கே படத்தில் இடமில்லை.

2003இல் நிலைமை வேறு. முன்னா, ஜுஜு, பாப் கேலி, கிருஷ்ணா, குமார் என்னும் ஐவரும் தொடக்கத்தில் எதற்கும் பயன்படாதவர்கள். பெற்றோரின் பணத்தில் திரிந்து, தெருவில் பெண்களைச் சீண்டிப் பொழுது போக்குவோர். ஹரிணி என்னும் பெண்மீது முன்னாவுக்கு ஏற்படும் காதலும், அதன் விளைவாக ஏற்படும் திருமணமும் அவர்களை வீடுகளைவிட்டு வெளியேற்றுகின்றன. ஐவரும் ஹரிணியுமாக ஒரு குழுவாக வாழ முற்படும்போதுதான் இசை அவர்களுக்குப் பிழைக்கும் வழியாகிறது. பாலசந்தரின் படத்தில் தரப்பட்ட ஒன்றாக இருந்த குழு, ஷங்கரின் படத்தில் ஈட்டப்பட வேண்டிய ஒன்றாகிறது. இம்மாற்றம் குறிப்பிடத்தக்கது. பொருளியல் தாராளமயம் இந்தியாவில் வேரூன்றிய பிறகு வளர்ந்த தலைமுறைக்கு, விருப்பமே தொழிலாகலாம் என்ற புதிய நம்பிக்கையை இப்படம் எடுத்துரைத்தது.

'பாய்ஸ்' படத்தில் எள்ளலின் இரு முகங்கள்

'பாய்ஸ்' வெளிவந்த காலத்தில் ஆபாசம் மிகுந்த படம் என்று கடுமையாகக் கண்டிக்கப்பட்டது. அக்கண்டனம் பெரிதும் நியாயமானது. படத்தின் முற்பகுதியில் நகைக்குக் களமாவது பெண்ணுடல். பேராசிரியர் கூறும் முதல்வகை எள்ளல், அதாவது தான் பிறரை எள்ளி நகுதல், அதன் மிகத் தாழ்ந்த வடிவில் அங்கு அமைந்துள்ளது. சீண்டப்படும் பெண்கள் எவர்க்கும் பெயரில்லை, மறுமொழியில்லை. வகுப்பறையில் இப்படத்தைக் காட்ட இயலாமைக்கு இதுவே போதிய காரணம்.

எனினும், ஒரு படத்தைக் கண்டித்தவுடன் திறனாய்வு முடிந்துவிடுவதில்லை. வீடுகளைவிட்டு வெளியேறிய பின் படத்தின் நகை வேறு தளத்திற்கு நகர்கிறது. எள்ளியவர்கள் எள்ளப்படுபவர்கள் ஆகின்றனர். உண்ண வழியின்றி, உறங்க இடமின்றித் தவிக்கும் தங்கள் நிலையைக் கண்டு தாங்களே சிரிக்கத் தொடங்குகின்றனர். பேராசிரியர் கூறும் இரண்டாம் வகை எள்ளல் இது. படத்தின் மிகச் சிறந்த பகுதிகள் இங்குதான் உள்ளன.

அவற்றுள் தலையாயது செந்தில் தோன்றும் காட்சி. எந்தக் கோயிலில், எந்த நாளில், என்ன உணவு இலவசமாகக் கிடைக்கும் என்பதையெல்லாம் விரல்நுனியில் வைத்திருக்கும் ஓர் ஏழையாக அவர் வருகிறார். செய்தியறிவே செல்வம் என்பது அவர் அவ்விளைஞர்களுக்குக் கற்பிக்கும் பாடம். இக்காட்சியைக் கண்டு அரங்கமே சிரித்தது. ஆயின் தமிழ் இலக்கியம் பயின்றோர்க்கு இதில் பழகிய குரலொன்று கேட்கும். பரிசில் பெற்ற கலைஞன், பரிசில் பெறாத கலைஞனை வழியிற் கண்டு, எங்குச் சென்றால் உணவு கிடைக்கும், எப்படிப்பட்ட விருந்து கிடைக்கும், எவ்வழியே செல்லவேண்டும் என்று எடுத்துரைப்பதே ஆற்றுப்படையின் அமைப்பு. பொருநரும் பாணரும் கூத்தரும் வறுமையோடு நடந்த அவ்வழியில், இருபத்தோராம் நூற்றாண்டுச் சென்னையின் பசித்த இசைக்குழு ஒன்று நிற்கிறது. அதற்கு ஆற்றுப்படை பாடுகிறார் செந்தில். நன்னனுக்கு மாற்றாகக் கோயில் அன்னதானம் நிற்பதே வேறுபாடு. இது திட்டமிட்டு அமைந்ததா என்பது நமக்குத் தேவையில்லை. மரபு சில வேளைகளில் நாம் அழைக்காமலே வந்து அமர்ந்துவிடும்.

இந்த இடத்தில் படம் மேலும் ஆழமாகச் சென்றிருக்கலாம். செல்லவில்லை. செந்திலின் பாத்திரத்துக்கு அந்த அறிவு எவ்வாறு வந்தது, எத்தனை ஆண்டுப் பசி அதற்கு ஆசிரியராக இருந்தது என்று படம் ஒரு கணமும் நின்று பார்ப்பதில்லை. இளைஞர்களுக்கு வறுமை ஒரு பயிற்சிக்காலம்; செந்திலுக்கு அது வாழ்க்கை. பயிற்சி முடிந்ததும் இளைஞர்கள் வெளியேறிவிடுகின்றனர். வழிகாட்டியவர் வழியிலேயே விடப்படுகிறார். ஆற்றுப்படையில் வழிகாட்டுபவனும் பரிசில் பெற்றவன். இங்கு வழிகாட்டுபவனுக்குப் பரிசில் இல்லை.

படத்தின் பிற்பகுதியில், இளைஞர்கள் தங்கள் இசையினால் நக்சலியர் தொடர்புடையோர் எனக் கருதப்பட்டுப் பொடா சட்டத்தின்கீழ்ச் சிறைப்படும் பகுதி வருகிறது. 2002இல் இயற்றப்பட்டு 2004இல் நீக்கப்பட்ட அச்சட்டம் நடப்பிலிருந்த காலத்திலேயே வணிகப் படமொன்று அதனைத் தொட்டது துணிவுதான். பாடலொன்று பாடியதற்கே சிறை என்னும் நிலை, பேதைமையாகிய நகையை அச்சமாக மாற்றக்கூடிய வலிமையான களம். ஆனால் இப்படம் அதனையும் வெற்றிக்கு முன் கடக்கவேண்டிய இன்னொரு தடையாகவே கையாளுகிறது. இறுதியில் குழு புகழ் பெறுகிறது, பெற்றோர் ஏற்கின்றனர். பெருமிதத்தின் நான்கு களன்களுள் இப்படம் அறிந்தது இசைமை ஒன்றையே. கம்போங் ராஜா இளைஞர் கேட்ட கேள்வியின் முள் இங்குதான் இருக்கிறது.

கரகாட்டக்காரனின் குழு

மேனாட்டு இசைக்குழுவைப் பற்றிய கட்டுரையில் கங்கை அமரனின் 'கரகாட்டக்காரன்' படத்திற்கு என்ன வேலை என்ற ஐயம் எழலாம். கருவிகளை மறந்து அமைப்பை மட்டும் நோக்கின், ஊர் ஊராகச் சென்று வாசித்துப் பிழைக்கும் ஒட்டாத நண்பர்களின் நகைச்சுவைக் கதை என்ற வரையறைக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ்ப் படம் அரிது. இராமராஜனின் கரகாட்டக் குழுவில் கவுண்டமணி, செந்தில், கோவை சரளா ஆகியோர் உள்ளனர். பழைய கார் ஒன்று அவர்களுக்கு ஊர்தி. இளையராஜாவின் இசை அவர்களுக்கு மூச்சு. 1989இல் வெளிவந்து மதுரையில் ஓராண்டிற்கும் மேலாக ஓடிய படம் இது.

இக்குழு கதை முழுவதும் ஒரே நிலையில்தான் இருக்கிறது. அடுத்த திருவிழாவே அதன் இலக்கு. அது போட்டியில் வென்று பட்டணம் போய்ப் பாடல் பதிவு செய்யவேண்டும் என்று எவரும் கனவு காண்பதில்லை. கலை இவர்களுக்குத் தொழில். ஆகவே இவர்களுடைய நகைச்சுவையும் தொழிலாளர் நகைச்சுவை. வாழைப்பழக் காட்சியை எடுத்துக்கொள்வோம். இரண்டு பழம் வாங்கிவர அனுப்பப்பட்ட செந்தில் ஒன்றைத் தின்றுவிட்டு ஒன்றை மட்டும் கொடுக்கிறார். மற்றொன்று எங்கே என்று கேட்கும்போது, அதுதான் இது என்று சாதிக்கிறார். மேலோட்டமாகப் பார்த்தால் இது பேதைமை வழிவந்த நகை. ஊன்றிப் பார்த்தால், குழுவின் அடித்தட்டில் இருந்து எப்போதும் அடிபடும் ஒருவன், பேதைமையைப் போர்வையாகப் போர்த்துக்கொண்டு தன் பசிக்கு ஒரு பழத்தை மீட்டெடுக்கும் சூழ்ச்சி. அவன் ஒப்புக்கொள்ளாமல் பிடித்துக்கொண்டு நிற்பது மடன். இலக்கணத்தில் தனித்தனியே நின்ற இருகளன்கள் இங்கு ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன.

இப்படத்திலும் குறை உண்டு. கவுண்டமணி செந்திலை அடிப்பதும் உருவத்தைப் பழிப்பதும் நகையாகவே கொள்ளப்பட்டன. வலியோன் எளியோனை எள்ளும் முதல்வகை எள்ளலே அது. ஆனால் ஒரு செய்தியை மறுக்க இயலாது. இக்குழுவினர் வாசிக்கும்போது எவரும் அவர்களைப் பார்த்துச் சிரிப்பதில்லை. சிரிப்பெல்லாம் ஆட்டம் முடிந்த பின்னர், வண்டியிலும் திண்ணையிலும் நிகழ்வது. கலை நடைபெறும் இடத்தில் பெருமிதம் மட்டுமே நிற்கிறது. அப்பெருமிதம் கல்வியினால் வந்தது. பயின்ற கலையின்மீது கொண்ட உறுதியே அவர்களை நிமிரச் செய்கிறது. 'பாய்ஸ்' படத்தில் இளைஞர்கள் எப்போது, யாரிடம், எத்தனை நாள் பயின்றனர் என்பது முதன்மை பெறுவதில்லை. ஐவராக நடித்தவர்களுள் தமன் உண்மையிலேயே டிரம்ஸ் வாசிப்பவர். பின்னாளில் இசையமைப்பாளராகப் புகழ்பெற்றவர். நடிகரிடம் இருந்த அப்பயிற்சி கதையின் கருப்பொருளாகியிருப்பின் படம் மேலும் உயர்ந்திருக்கும்.

தோல்வியை மதித்த இரண்டு படங்கள்

பிறமொழிப் படங்கள் இரண்டினை ஒப்பீட்டிற்காக இங்கு நோக்கலாம். அயர்லாந்தின் டப்ளின் நகரத்துத் தொழிலாளர் குடியிருப்பைக் களமாகக் கொண்டது ஆலன் பார்க்கரின் 'தி கமிட்மென்ட்ஸ்' (1991). ரோடி டாயில் 1987இல் எழுதிய நாவலின் திரைவடிவம் அது. வேலையற்ற இளைஞர்கள் சேர்ந்து அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோல் இசையை வாசிக்கும் குழு அமைக்கின்றனர். ஓயாது சண்டையிடுகின்றனர், நகை பெருகுகிறது. குழு மிக நன்றாக வாசிக்கும் அந்த இரவிலேயே அது உடைந்துபோகிறது. அவர்கள் எதிர்பார்த்திருந்த பெரும்பாடகர் வந்துசேரும்போது குழு இல்லை. ஆயினும் படம் முடியும்போது நமக்கு அவர்கள்மீது இரக்கம் தோன்றுவதில்லை, மதிப்பே தோன்றுகிறது.

இரண்டாவது, 'பாய்ஸ்' வெளிவந்த அதே 2003இல் அமெரிக்காவில் வெளிவந்த ரிச்சர்ட் லிங்க்லேட்டரின் 'ஸ்கூல் ஆஃப் ராக்'. குழுவிலிருந்து விலக்கப்பட்ட கிட்டார்க் கலைஞன் ஒருவன் பொய்சொல்லித் தற்காலிக ஆசிரியனாகி, பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டே ஒரு ராக் இசைக்குழு அமைக்கிறான். ஆசிரியத் தொழிலில் உள்ளோர் முகம் சுளிக்கத்தக்க கதை. ஆனால் கூச்சமுள்ள பிள்ளைக்கும், தன் உடல்பருமனை எண்ணி நாணும் பிள்ளைக்கும், வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கும் அவன் குழுவில் ஓர் இடம் தேடித் தருகிறான். போட்டியில் அப்பிள்ளைகள் பரிசு பெறுவதில்லை. அவையோர் மீண்டும் வாசிக்கக் கேட்கின்றனர். அதுவே அவர்கள் பெறும் சிறப்பு. பரிசின்றியே பெருமிதம் கைகூடும் என்பதை வணிக நகைச்சுவைப் படமொன்றாலும் காட்ட முடியும் என்பதற்கு இது சான்று.

நம் நாட்டுச் சூழல்

இவ்வகைக் கதைக்கு நம் நாட்டிலேயே வளமான மண் உண்டு. பினாங்கில் தோன்றிய 'அலிகேட்ஸ்' குழுவின் முகங்களாக விளங்கியவர்கள் டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்னும் தமிழ்ச் சகோதரர்கள். மலாய்ப் பாடல்களால் நாடெங்கும் அறியப்பட்டவர்கள். லோகநாதன் 2007இல் மறைந்தார். மலாய் இளைஞரிடையே 1980களில் 'செர்ச்', 'விங்ஸ்' முதலிய ராக் குழுக்கள் பெரும் எழுச்சியை உண்டாக்கின. 1992இல் நீண்ட தலைமுடியுடைய இசைக்கலைஞர் வானொலி, தொலைக்காட்சியில் தோன்றத் தடை ஏற்பட்டதும், அக்குழுவினர் முடிவெட்டிக்கொள்ள நேர்ந்ததும் நாடறிந்த செய்தி. தலைமுடியின் நீளத்தைக் கொண்டு இளைஞரை அளந்த காலம் அது.

அந்த ராக் காலத்தை நகைச்சுவையாகவும் பரிவோடும் மீட்டெடுத்தவர் இயக்குநர் மாமாட் காலிட். கேலிச்சித்திரக் கலைஞர் லாட்டின் இளவலான அவர், 2005இல் 'ராக்' என்ற படத்தையும், 2013இல் அதன் தொடர்ச்சியாக 'ராக் ஓ' படத்தையும் தந்தார். ராக் குழு அமைத்துப் புகழ்பெற விழையும் நண்பர்களைப் பார்த்து நம்மைச் சிரிக்கவைத்தவர், தோட்டத் தமிழரின் வாழ்வைச் சூழலாகக் கொண்டு 2010இல் 'எஸ்டெட்' என்ற நகைச்சுவைப் படத்தையும் இயக்கினார். அவர் 2021இல் மறைந்தார். ராக் குழுவும் தோட்டமும் ஒரே கலைஞரின் பரிவுக்கு உரியவையாக இருந்தன என்பது நாம் எண்ணிப் பார்க்கவேண்டிய செய்தி.

தமிழிசையில் நம் நாட்டு இளைஞர் தமிழகத்திற்கு முன்னோடியாக அமைந்த நிகழ்வும் உண்டு. 'போயட்டிக் அமோ' குழுவில் பாடிய யோகி பி, பின்னர் 'நட்சத்திரா' குழுவினருடன் இணைந்து 2006இல் 'வல்லவன்' என்ற தமிழ் ராப் இசைத்தொகுப்பை வெளியிட்டார். அதில் பெரும்புகழ் பெற்ற 'மடை திறந்து', பாரதிராஜாவின் 'நிழல்கள்' (1980) படத்திற்காக இளையராஜா அமைத்த பாடலின் மறுவடிவம். 'நிழல்கள்' சென்னையில் வேலையின்றித் திரியும் இளைஞர்களின் கதை. அப்பாடல் இசைத்துறையில் வாய்ப்புத் தேடும் இளைஞனுக்கு உரியது. தமிழகத்து வேலையற்ற இளைஞனின் கனவுப் பாடலை, கால் நூற்றாண்டுக்குப் பின் மலேசியத் தமிழிளைஞர் தம் குரலாக்கிக்கொண்டனர். அப்பாடல் மீண்டும் கடல்கடந்து தமிழகம் சென்றது.

ஹிப்ஹாப் தமிழா ஆதி தம் வாழ்க்கையையே கதையாக்கி இயக்கி நடித்த 'மீசைய முறுக்கு' (2017) இவ்வரிசையில் வைத்துப் பார்க்கத்தக்கது. கல்லூரி நண்பர்கள், ராப் இசை, ஊராரின் ஏளனம், இறுதியில் வெற்றி என்பது கதை. இப்படத்தின் சிறப்பு விவேக் ஏற்ற தந்தை பாத்திரம். பாரதியின் மீது பற்றுடைய அத்தந்தை மகனின் கனவுக்குக் காலக்கெடுவுடன் கூடிய வாய்ப்பளிக்கிறார். 'பாய்ஸ்' படத்தில் வீடிழந்த இளைஞர்களுக்குத் துணைநின்ற மங்கலம் என்னும் பாத்திரத்தையும் ஏற்றவர் இதே விவேக். பதினான்கு ஆண்டுகளில் வெளியில் நின்ற துணைவர் வீட்டிற்குள் தந்தையாக வந்துவிட்டார். 2021இல் மறைந்த அந்நடிகரின் இவ்விரு பாத்திரங்களும் தமிழ்ச் சமூகம் இளைஞரின் இசையை ஏற்கத் தொடங்கியதன் அடையாளங்கள் எனலாம். எனினும் இங்கும் ஏற்பு முழுமை பெறுவது வெற்றிக்குப் பின்னரே.

மலைபடுகடாமும் மலையூர் இளைஞரும்

கூத்தராற்றுப்படை எனப்படும் மலைபடுகடாம், பல்வேறு இசைக்கருவிகளைப் பைகளிற் கட்டித் தோளிற் சுமந்து மலைவழி ஏறும் கலைஞர் கூட்டத்தை நமக்குக் காட்டுகின்றது. பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் அவர்களை நன்னனிடம் ஆற்றுப்படுத்துகிறார். வழியின் இடர்களையும், வழியிலுள்ள எளிய மக்கள் தரும் உணவையும் அவர் விரிவாகக் கூறுவது கற்றோர் அறிந்தது. நன்னனின் பரிசிலைவிட அவ்வழியே பாட்டின் பெரும்பகுதியை நிறைக்கிறது.

கம்போங் ராஜாவில் அன்றிரவு நான் கண்ட காட்சி எனக்கு இந்நூலை நினைவூட்டியது. படம் முடிந்தபின் அந்நால்வரும் கோயிலருகே இருந்த கொட்டகைக்குப் பயிற்சிக்குச் சென்றனர். பனிமூட்டத்தில் தோல் தளர்ந்துவிடுவதால் பம்பையையும் உறுமியையும் நெருப்பருகே காட்டிக் காய்ச்சினர். அவர்களுள் இருவர் பகலில் காய்கறித் தோட்டத்தில் வேலை செய்பவர்கள். ஒருவர் சரக்குந்து உதவியாளர். மற்றவர் படிவம் ஐந்துடன் படிப்பை நிறுத்தியவர். ஒருவர் தாளம் தவறும்போது மற்ற மூவரும் சிரித்தனர். தவறியவரும் சிரித்தார். பின்னர் அதே தாளத்தை ஏழெட்டு முறை அவர்கள் திரும்ப வாசித்தனர்.

உறுமி மேளக் குழு என்றாலே குண்டர் கூட்டம் என்று எண்ணும் போக்கு நம்மிடையே உள்ளது. அவ்வெண்ணத்திற்கு இடமளித்த நிகழ்வுகளும் சில இருக்கலாம். ஆனால் அந்தக் கொட்டகையில் நான் கண்டது கல்வி. ஆசிரியரும் பாடத்திட்டமும் இல்லாத கல்வி. கற்பிக்கக் கொண்டதை விடாது பற்றிக்கொண்டு நிற்கும் மடன் அங்கே கல்வியாக மாறிக்கொண்டிருந்தது. நகைக்குக் களமான மடனும் பெருமிதத்திற்குக் களமான கல்வியும் இத்துணை அருகருகே இருக்கும் என்பதை இலக்கணம் கற்பித்த நாளெல்லாம் நான் உணர்ந்ததில்லை. இளைஞன் ஒருவன் பற்றிக்கொண்டதை விடாதிருக்கும்போது ஊரார் சிரிக்கின்றனர். அவன் வென்றுவிட்டால் அதனையே விடாமுயற்சி என்கின்றனர். செயல் ஒன்றுதான், நாம் இடும் பெயர் மாறுகிறது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் மூன்று முடிவுகளை எட்டலாம். முதலாவது, தமிழ் இசைக்குழு நகைச்சுவைப் படங்களின் நகை 'நினைத்தாலே இனிக்கும்' படத்தில் இளமையையும், 'கரகாட்டக்காரன்' படத்தில் பேதைமையையும் மடனையும், 'பாய்ஸ்' படத்தில் எள்ளலின் இரு வகைகளையும் களனாகக் கொண்டது. இரண்டாவது, புத்தாயிரத்துக்குப் பின் வந்த படங்களில் நகையிலிருந்து பெருமிதத்திற்குச் செல்லும் பாலமாகப் புகழ் ஒன்றே அமைந்தது. கல்வியும் தறுகண்ணும் பின்தள்ளப்பட்டன. மூன்றாவது, புகழை நோக்காத 'கரகாட்டக்காரன்' குழுவே, தன் குறைகளோடும், கலைஞனின் அன்றாட மதிப்பைத் திரையில் காத்தது.

'பாய்ஸ்' படத்தை வகுப்பறைக்குக் கொண்டுசெல்லவேண்டும் என்று யான் கூறவில்லை. அதில் வரும் செந்தில் காட்சியை ஆற்றுப்படை கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் வாய்மொழியாகச் சொல்லிக்காட்டினால், பாணர் வறுமை மாணவர்க்கு விளங்கும். வாழைப்பழக் காட்சியைக் கொண்டு நகையின் களன்களைக் கற்பித்தால், மெய்ப்பாட்டியல் அவர்க்கு மனப்பாடச் சுமையாக இராது. வகுப்பில் கடைசி வரிசையில் அமர்ந்து மேசையில் தாளமிடும் மாணவனை நோக்கும் நம் பார்வையும் சற்று மாறலாம்.

தோற்றுப்போயிருந்தால் படம் எடுத்திருப்பார்களா என்று கேட்ட அவ்விளைஞருக்கு அன்று விடை கூற முடியாதது இன்றும் உறுத்துகிறது. தமிழில் அத்தகைய படம் எடுக்கப்படவேண்டும் என்பதே என் விடை. அதில் வரும் குழு எந்தப் போட்டியிலும் வெல்ல வேண்டியதில்லை. அது தைப்பூசத்திற்கு இறங்கி வாசித்துவிட்டு, மறுநாள் விடியற்காலை வேலைக்குத் திரும்ப, கருவிகளை வேனில் ஏற்றிக்கொண்டு மலையேறினால் போதும். வழி நெடுக அவர்கள் ஒருவரையொருவர் கேலி செய்து சிரித்துக்கொண்டே வருவார்கள். நாமும் அவர்களோடு சேர்ந்து சிரிக்கலாம்.